லிப்போ பேட்டரியை எதில் உட்கார வைப்பது? ரோபோவார் அணிகளுக்கு நான்கு வழிகளின் ஒப்பீடு

"ஃபிரேம் வெட்டியாச்சு, மோட்டார் மாட்டியாச்சு, டிரம் சுத்துது. பேட்டரி எங்கயாச்சும் நுழைஞ்சுக்கும்ங்ணா."

கோவையில் ரோபோவாருக்கு, அதாவது ரோபோக்களை மோதவிடும் போட்டிக்கு, கல்லூரி அணிகள் ரோபோ கட்ட உதவ ஆரம்பித்த நாளிலிருந்து இந்த வசனத்தை வருஷா வருஷம் கேட்கிறேன். (டிரம் என்பது பல்லோடு சுழலும் உருளை ஆயுதம்.) ரோபோவுக்குள் அதிகம் தீப்பிடிக்கக்கூடிய பொருள் பேட்டரிதான். அதற்குத்தான் கடைசியில், மிச்சமிருக்கும் சந்தில் இடம் கிடைக்கிறது. போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, வெல்க்ரோ போதுமா, பெட்டி செய்யணுமா, த்ரீடி பிரிண்டில் எடுக்கலாமா என்ற கேள்வி வரும். நடுவிலா பின்னாலா என்பது அதற்கடுத்த கேள்வி.

பதில் ரோபோவைப் பொறுத்தது. எதை வைத்து முடிவு செய்வது என்பது மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். எனவே முதலில் அளவுகோல்கள், அப்புறம் நான்கு வழிகள், கடைசியில் இடம். கணக்குக்கெல்லாம் நம் ஊர் அணிகள் அதிகம் வாங்கும் 4எஸ் 5000 எம்ஏஹெச் லிப்போவை (லித்தியம் பாலிமர் பேட்டரி; 4எஸ் என்றால் வரிசையாக இணைத்த நாலு செல், எம்ஏஹெச் என்பது கொள்ளளவு) எடுத்துக்கொள்கிறேன். எடை சுமார் அரைக் கிலோ. அளவு ஏறக்குறைய 145 × 50 × 35 மி.மீ.

## எதை வைத்து எடை போடுவது

ஆட்டம். பட்டறையில் ஒரு பாகம் லூஸாக இருந்தால் 'ஆட்டம் இருக்கு' என்பார்கள். பேட்டரியைக் கொல்வது பெரும்பாலும் எதிராளியின் ஆயுதம் இல்லை, இந்த ஆட்டம்தான். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரோபோ விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போய் அரீனா சுவரில் மோதி, 5 மில்லி விநாடியில் நிற்கிறது. பேட்டரி ரோபோவோடு ஒட்டி உறவாடி இருந்தால் அதன் மேல் விழும் விசை சுமார் 500 நியூட்டன். அதாவது 50 கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றைத் தூக்கி மேலே வைத்த மாதிரி. இதை லிப்போ தாங்கும், பரப்பு சமமாக இருந்தால்.

இப்போது அதே பேட்டரிக்கு முன்னால் 10 மி.மீ. காலி இடம் இருக்கிறது என்று வையுங்கள். ரோபோ நின்றுவிடுகிறது, பேட்டரி நிற்கவில்லை. விநாடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் போய்ப் பெட்டியின் சுவரில் இடிக்கிறது. 2 மி.மீ. நசுங்கி நின்றால் விசை 2500 நியூட்டன். அதே மோதல், அதே பேட்டரி, ஐந்து மூட்டை. ஒரு சுண்டுவிரல் அகல இடைவெளி செய்யும் வேலை இது.

அதற்காக இறுக்கி நசுக்கவும் கூடாது. லிப்போ செல் வெறும் பை. வெளியே மெல்லிய அலுமினியப் படலம், உள்ளே அடுக்கடுக்காகத் தகடுகள். வேலை செய்யும்போது கொஞ்சம் உப்பும். உப்ப இடமும் வேண்டும், ஆட்டமும் கூடாது. இரண்டையும் ஒன்றாகத் தருவது ஃபோம் மட்டும்தான். 6 மி.மீ. ஃபோமை 4 மி.மீ.க்கு அழுத்தி வைத்தால் ஆட்டம் போய்விடும், உப்பினால் ஃபோம் இடம் கொடுக்கும்.

குத்து. பேட்டரியைச் சுற்றி எந்தப் பக்கத்திலிருந்தும் கூர்முனை நீட்டக் கூடாது. எதிராளியின் பிளேடைவிட நம்முடைய ஸ்குரூதான் அதிக ஆபத்து. நான் படிக்கும்போது எங்கள் 8 கிலோ ரோபோவில் நடந்ததைச் சொல்கிறேன். அடித்தட்டில் ஒரு எம்4 ஸ்குரூ 3 மி.மீ. அதிக நீளம். மேலே ஃபோம் ஒட்டியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. இரண்டாவது போட்டி முடிந்து மூடியைத் திறந்ததும் நெயில் பாலிஷ் மாதிரி ஒரு இனிப்பு வாசம். பேட்டரியைத் திருப்பிப் பார்த்தால் நீல உறையில் ஒரு மிளகு அளவு பள்ளம், பள்ளத்தின் ஓரத்தில் ஸ்குரூவின் மரை அப்படியே அச்சு விழுந்திருந்தது. மணல் வாளியில் போட்டு வெளியே கொண்டுபோய் வைத்தோம். சில நிமிடம் கழித்துத்தான் புகைய ஆரம்பித்தது. அந்த ஸ்குரூவைப் போட்டவன் நான்தான். அன்றிலிருந்து பேட்டரி பக்கம் வரும் ஒவ்வொரு ஸ்குரூவையும் விரலால் தடவிப் பார்க்காமல் மூடியதில்லை.

மாற்றும் நேரம். இரண்டு போட்டிகளுக்கு நடுவில் சில நேரம் 20 நிமிடம்தான் கிடைக்கும். லிப்போவை ரோபோவுக்குள் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது, வெளியே எடுத்துத்தான் போட வேண்டும். பத்து ஸ்குரூ கழற்றினால்தான் பேட்டரி வெளியே வரும் என்றால், மூன்றாவது போட்டியில் 'அப்படியே இருக்கட்டும், உள்ளேயே சார்ஜ் போட்டுக்கலாம்' என்று யாராவது சொல்வார்கள்.

எடை. பேட்டரிக் கூட்டுக்குச் செலவாகும் ஒவ்வொரு 100 கிராமும் ஆயுதத்திலிருந்தோ கவசத்திலிருந்தோ போகிறது.

சூடும் வாயுவும். லிப்போ 60 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஆயுத மோட்டார் அந்தச் சூட்டை எளிதில் தாண்டும், எனவே மோட்டாரும் பேட்டரியும் உடம்போடு உடம்பாக இருக்க வேண்டாம். செல் கெட்டால் வாயு வரும், அது போக வழி வேண்டும். காற்றுப் புகாமல் அடைத்த பெட்டி பாதுகாப்பாகத் தோன்றும், உண்மையில் அதுதான் ஆபத்து.

## வழி 1: வெல்க்ரோ பட்டை, ஜிப் டை, டபுள் சைடு டேப்

அணிகளில் பாதிக்கு மேல் இங்கேதான் தொடங்குகின்றன. காசு கம்மி, எடை இல்லவே இல்லை, ஒரு நிமிடத்தில் பேட்டரியை மாற்றிவிடலாம்.

மூன்றையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். டபுள் சைடு டேப் பேட்டரியைப் பிடிப்பதில்லை, பேட்டரியின் பிளாஸ்டிக் உறையைத்தான் பிடிக்கிறது. அடி விழுந்தால் உறை அங்கேயே இருக்கும், செல்கள் உள்ளே வழுக்கும். ஜிப் டை இன்னும் மோசம். நாலு மி.மீ. அகலப் பட்டையை இழுக்க இழுக்க அது செல்லின் ஓரத்தைக் கத்தி மாதிரி அறுக்கிறது. அதை வெட்டி எடுக்கும் அவசரத்தில் கட்டர் பேட்டரியில் பட்ட கதையும் உண்டு.

20 மி.மீ. வெல்க்ரோ பட்டை இரண்டு இருந்தால் பரவாயில்லை. ஆனால் பட்டை பேட்டரியை மேலே எழும்ப விடாமல்தான் தடுக்கும். நீளவாக்கில் அடி விழுந்தால் தீப்பெட்டியிலிருந்து தட்டு வெளியே வருகிற மாதிரி பேட்டரி நழுவி வந்துவிடும். எனவே முன்னும் பின்னும் தடுப்புக் கட்டை கட்டாயம். சின்ன அலுமினிய ஆங்கிள் துண்டு, உள்பக்கம் ஃபோம் ஒட்டியது, அது போதும்.

இதில் மறைந்திருக்கும் செலவு பழக்கம்தான். வெல்க்ரோ நாலைந்து போட்டியில் தூசியும் இரும்புத் தூளும் ஏறிப் பிடி விடும். புதிதாக மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் பார்க்க நன்றாகவே இருக்கும்.

எங்கே சரி: ரோபோ சாக்கர், ரோபோ ரேஸ், ஆயுதம் இல்லாத தள்ளும் போட்டி. சுழலும் ஆயுதம் ஒன்று அரீனாவில் இருந்தாலே இது போதாது.

## வழி 2: டிபியு தொட்டில்

டிபியு என்பது ரப்பர் மாதிரி வளையும் பிரிண்டிங் இழை. கடையில் பெரும்பாலும் 95ஏ கடினத்தில் கிடைக்கும். பேட்டரியின் அளவுக்கு ஒரு தொட்டில் பிரிண்ட் எடுத்து, அடித்தட்டில் ஸ்குரூ போட்டு, மேலே பாலிகார்பனேட் (எளிதில் உடையாத பிளாஸ்டிக் தகடு) மூடி. இதுதான் இன்று எனக்கு மிகவும் பிடித்த வழி. தொட்டிலே ஃபோமின் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. அடி விழுந்தால் நசுங்கித் திரும்பி வரும், உடைந்து கூர்த்துண்டாகாது. பேட்டரி ஒயர் வெளிவரும் வழி, பேலன்ஸ் ஒயர் (ஒவ்வொரு செல்லுக்கும் போகும் மெல்லிய சார்ஜிங் ஒயர்) மடங்கும் இடம், எல்லாவற்றையும் வரைபடத்திலேயே வைத்துவிடலாம்.

4 மி.மீ. சுவரில் முழுதும் நிரப்பி எடுத்தால் ஒரு தொட்டில் சுமார் 130 கிராம் வரும். நிரப்பைக் குறைத்தால் எடையும் குறையும்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால், முதலில் நேரத்தில். டிபியுவை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், ஒரு தொட்டிலுக்கு ஒரு இரவு போய்விடும். பிரிண்டர் பாதியில் நின்றால் இன்னொரு இரவு. அடுத்தது ஈரம். இந்த இழை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில் திறந்து வைத்த ரோலில் எடுத்தால் நூல் நூலாக வரும், அடுக்குகள் ஒட்டாது. மூன்றாவதுதான் அணிகளை அழ வைப்பது: ஒரே 4எஸ் 5000 என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி அளவு சில மி.மீ. மாறும். போட்டிக்கு முந்தைய வாரம் பழைய பேட்டரி கடையில் இல்லை, வேறு கம்பெனி வாங்கினோம், தொட்டிலில் உட்காரவில்லை என்று வருவார்கள். தொட்டிலை ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. பெரிதாக எடுத்து, மிச்சத்தை ஃபோமால் நிரப்புங்கள். பேட்டரி மாறினால் ஃபோமை மாற்றினால் போதும்.

பிஎல்ஏவில், அதாவது சாதாரணப் பிரிண்டிங் பிளாஸ்டிக்கில், எடுத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அது உடைந்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி உடையும், சில்லு பேட்டரியைத்தான் குத்தும். 60 டிகிரி பக்கம் போனாலே இளகிவிடும், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலும் வளையும்.

எங்கே சரி: 8 கிலோ, 15 கிலோ பிரிவுகள், ஆயுதம் உள்ளவை, வீட்டிலோ கல்லூரியிலோ பிரிண்டர் இருப்பவர்கள்.

## வழி 3: தகட்டுப் பெட்டி

2 மி.மீ. அலுமினியத் தகட்டை வளைத்தோ, 3 மி.மீ. பாலிகார்பனேட்டை வெட்டி மூலைக்கு ஸ்குரூ போட்டோ செய்யும் முழுப் பெட்டி. அலுமினியத்தில் சுமார் 200 கிராம், பாலிகார்பனேட்டில் 140 கிராம் பக்கம் வரும், மூடி உட்பட. இரண்டு பேட்டரி என்றால் இரண்டு மடங்கு. 15 கிலோ ரோபோவில் 400 கிராம் என்பது டிரம் பல்லின் எடை.

அந்த எடைக்குக் கிடைப்பது குத்திலிருந்து உண்மையான பாதுகாப்பு. சேஸிஸ் (ரோபோவின் உடல்கூடு) கிழிந்து எதிராளியின் பல் உள்ளே வந்தாலும் இன்னொரு சுவர் இருக்கிறது. கோவையில் லேசர் கட்டிங், பெண்டிங் எல்லாம் ஜாப் ஒர்க்கில் ஓரிரு நாளில் ஆகிவிடும் என்பதால் அணிகள் இதைத்தான் முதலில் கேட்கின்றன. பெட்டி இருந்தால் பயமில்லை என்ற எண்ணம். நான் இங்கே கொஞ்சம் நிறுத்திப் பேசுவேன்.

ஃபோம் இல்லாத அலுமினியப் பெட்டி, பெட்டியே இல்லாததைவிடக் கெட்டது. மேலே சொன்ன ஐந்து மூட்டைக் கணக்கு நடப்பதே இதற்குள்தான். எனவே ஆறு பக்கமும் ஃபோம், மூடியை மூடும்போது கையில் லேசான எதிர்ப்புத் தெரிய வேண்டும். அலுமினியம் மின்சாரம் கடத்தும், உறை உரசித் தேய்ந்தால் பெட்டியே ஷார்ட் சர்க்யூட்டுக்கு வழி. மோட்டாருக்குக் காயில் கட்டுபவர்கள் ஸ்லாட்டுக்குள் வைக்கும் இன்சுலேஷன் பேப்பரை வாங்கி உள்பக்கம் முழுக்க ஒட்டுங்கள், ஃபோமுக்கு அடியில். கார்பன் ஃபைபர் தகடு பயன்படுத்தினாலும் இதே கதைதான், அதுவும் கடத்தும். ஸ்குரூவின் தலை உள்ளேயும் நட் வெளியேயும் வர வேண்டும், தலை தகட்டுக்குள் அமுங்கும் வகை. ஒயர் வெளிவரும் ஓட்டைக்கு ரப்பர் குரோமெட் வளையம் போடாவிட்டால், வெட்டிய தகட்டின் விளிம்பு இரண்டே போட்டியில் ஒயரின் தோலை உரித்துவிடும். வாயு போக ஒரு பக்கம் நாலைந்து துளை, ஆள் நிற்கும் பக்கம் பார்க்காமல் ரோபோவின் அடிப்பக்கமாக.

பெட்டி தீயை அணைக்காது. லிப்போ எரியத் தேவையானது பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது. பெட்டி கொடுப்பது சில விநாடிகள், அதற்குள் தீ மற்றப் பாகங்களுக்குத் தாவாமல் இருப்பது. இன்னொரு செலவு சூடு: ஃபோம் சுற்றிய பேட்டரி ஆற நேரம் எடுக்கும். போட்டி முடிந்ததும் வெளியே எடுத்து, கை வைத்தால் சூடு தெரியாத வரை ஆறவிட்டுத்தான் சார்ஜரில் போட வேண்டும். இதற்காகவே மாற்றுப் பேட்டரி ஒரு ஜோடி அதிகம் வாங்க வேண்டிவரும். பட்ஜெட்டில் யாரும் அதை எழுதுவதில்லை.

எங்கே சரி: 30 கிலோ, 60 கிலோ பிரிவுகள். எதிராளியின் ஆயுதம் சேஸிஸைத் துளைக்கும் என்று எதிர்பார்க்கக்கூடிய இடங்கள்.

## வழி 4: சேஸிஸிலேயே குழி

ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் கட்டையால் சேஸிஸ் செய்பவர்களுக்கு மட்டும். 20 மி.மீ. தடிமன் சுவர்களுக்கு நடுவே பேட்டரிக்கென ஒரு அறையைச் சிஎன்சியில் குடைந்துவிடலாம். கூடுதல் எடை கிட்டத்தட்ட பூஜ்யம். ஹெச்டிபிஇ அடி வாங்கினால் வளையும், உடையாது, மின்சாரமும் கடத்தாது. ஃபோம் மட்டும் ஒட்டினால் போதும். நான்கில் மிக நேர்த்தியானது இதுதான்.

ஆனால் முதல் நாள் வரைபடத்திலேயே பேட்டரி இருந்தால்தான் நடக்கும். அடுத்த வருஷம் பெரிய பேட்டரி வேண்டும் என்றால் சேஸிஸையே மாற்ற வேண்டும். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

## சரி, எந்த இடம்?

"பேட்டரியைப் பின்னாடி வை, வீலுக்கு கிரிப் கிடைக்கும்" என்பது சீனியர்கள் வழிவழியாகச் சொல்வது. ஒரு காலத்தில் அது உண்மை. யுபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏஹெச் லெட் ஆசிட் பேட்டரி ஒன்றே இரண்டு கிலோவுக்கு மேல். இரண்டு போட்டால் ரோபோவின் எடையில் கால் பங்குக்கும் மேல். அதை நகர்த்தினால் ரோபோவின் குணமே மாறும். இன்று 15 கிலோ ரோபோவில் இரண்டு லிப்போவும் சேர்ந்து ஒரு கிலோ. அதை 100 மி.மீ. பின்னால் தள்ளினாலும் ஈர்ப்பு மையம் 7 மி.மீ. கூட நகராது. அதற்காகப் பேட்டரியைப் பின்சுவரை ஒட்டி வைத்து, முதல் அடியிலேயே அதை முன்வரிசையில் நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

| இடம் | நல்லது | இழப்பு |
|---|---|---|
| நடு, தரையோடு | எல்லாப் பக்கமும் சுவர், ஈர்ப்பு மையம் தாழும் | ஈஎஸ்சிக்கும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்) ஒயருக்கும் இடம் நெருக்கும், எடுப்பது கொஞ்சம் சிரமம் |
| பின்சுவர் | சட்டென்று எடுக்கலாம் | நேரடி அடி, ஈஎஸ்சிக்குப் போகும் ஒயர் நீளும் |
| ஆயுதத்துக்குப் பின் | ஒயர் குட்டை | மோட்டார் சூடு, இரும்புத் தூள், உடைந்த பாகங்கள் |
| வீல்களுக்கு உள்பக்கம் | வீலே கவசம் | வீல் கழன்றால் ஷாஃப்ட் முனை நேராகப் பேட்டரிக்கு |

ஒயர் நீளம் சின்ன விஷயமில்லை. பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவில் ஒயர் நீள நீள வோல்டேஜ் துள்ளல் அதிகமாகி ஈஎஸ்சியின் கெபாசிட்டர்கள் சாகும். நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மோட்டார் பக்கத்து ஒயரை நீட்டுங்கள்.

எப்படிப் படுக்க வைப்பது என்பதில்தான் அணிகள் கோட்டை விடுகின்றன. டிரம் ரோபோவுக்கு அடி பெரும்பாலும் முன்னாலிருந்து வரும். பேட்டரியை நீளவாக்கில் வைத்தால் அந்த விசை முழுவதையும் 50 × 35 மி.மீ. முனை தாங்குகிறது. குறுக்காக வைத்தால் 145 × 35 மி.மீ. பக்கம் தாங்குகிறது, அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு. குறுக்காக வைக்க இடமில்லை என்றால், ஒயர் வெளிவரும் முனை பின்பக்கம் பார்க்கட்டும். செல்களின் இணைப்பு நாக்குகள் எல்லாம் அந்த முனையில்தான், பேட்டரியின் உயிர்நாடி அது. ஒயரில் ஒரு சின்ன வளைவு விடுங்கள், எக்ஸ்டி90 கனெக்டர் பேட்டரியின் எடையைச் சுமக்கக் கூடாது.

## எந்த அணிக்கு எது

முதல் முறை 8 கிலோவில் இறங்குகிறீர்கள், லிஃப்டர் (எதிராளியைத் தூக்கும் ரோபோ) அல்லது வெட்ஜ் (சரிவான முகப்புள்ளது), கையில் பிரிண்டர் இருக்கிறது: டிபியு தொட்டில், நடுவில், குறுக்காக.

15 கிலோ டிரம்: அதே தொட்டில், மூடி மட்டும் 3 மி.மீ. பாலிகார்பனேட், நாலு ஸ்குரூ. முன்சுவர் ஒற்றைத் தகடு என்றால் தொட்டிலுக்கு முன்னால் ஒரு குறுக்குத் தகடு சேருங்கள்.

30 கிலோவும் அதற்கு மேலும்: பெட்டி, ஃபோம், இன்சுலேஷன் பேப்பர், மாற்று ஜோடி. எடையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஒரே வாரம்தான் இருக்கிறது, ஒன்றும் தயாராக இல்லை: இரண்டு வெல்க்ரோ, முன்னும் பின்னும் ஆங்கிள் தடுப்பு, பேட்டரியைச் சுற்றி யோகா மேட் வெட்டிய ஃபோம், மேலே திருகிய பாலிகார்பனேட் துண்டு. இதோடு ஆயுத ரோபோக்களின் முன்னால் போக எனக்கு மனசில்லை. போயே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் பேட்டரியை வெளியே எடுத்து ஆறு பக்கமும் பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் உண்மையான பேட்டரியை வைக்கும் முன் ஒரு சோதனை. மளிகைக் கடையில் நீள பார் சோப் வாங்கிப் பேட்டரியின் அளவுக்குக் கத்தியால் சீவுங்கள். அதைக் கூட்டில் வைத்து, எல்லாவற்றையும் மூடி, தரையில் ஒரு பழைய கால்மிதியை விரித்து ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ரோபோவைப் போடுங்கள். முன்பக்கம் கீழே பார்த்து ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை. பிறகு சோப்பை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஸ்குரூ முனை, தகட்டு விளிம்பு, மறந்துபோன ஜிப் டையின் வெட்டிய வால், எல்லாம் அதில் பதிந்திருக்கும். சோப்பின் எடை பேட்டரியில் பாதி பக்கம்தான், எனவே சோப்பில் லேசாகத் தெரியும் தடம் பேட்டரியில் ஆழமாக விழும். போன மாதம் ஒரு 15 கிலோ அணி கொண்டுவந்த சோப்பில் மூன்று புள்ளிகள் வரிசையாக இருந்தன. மூன்றும் வீல் மோட்டாரைப் பிடிக்கும் ஸ்குரூக்கள். அரைமணி நேரம் கிரைண்டரில் வேலை, அப்புறம் புதுச் சோப்பில் மறுபடி போட்டுப் பார்த்தார்கள், வழவழப்பாக வந்தது.